குளோரின் மாசுகளைச் சிதைக்கும் உலோக அணைவுகள்

பென்டாகுளோரோபீனால், டயாக்சின் முதலிய எளிதில் அழியாத குளோரின் நஞ்சுகளை, இரும்பு, கோபால்ட் போன்ற உலோகங்களின் அணைவுச் சேர்மங்களை வினையூக்கியாகக் கொண்டு சிதைக்கும் முறை.

இவற்றுள் பென்டாகுளோரோபீனால் தமிழகத்தில் தோல் தொழிலில் புழங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பதனிட்ட தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அதைப் பயன்படுத்திவந்தார்கள். 1989இல் ஜெர்மனி அதைத் தடைசெய்தது. தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது. ஏற்றுமதி ஆட்டம்கண்டது. மாற்று மருந்துக்கும் பரிசோதனைக்கும் அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை நாட வேண்டியதாயிற்று. பின்னர் இந்தியாவும் தடைவிதித்தது. ஆனால் தடை புதிய வரவை நிறுத்துமே தவிர, மண்ணில் இறங்கியதை எடுக்காது.

அதைச் சிதைக்கும் வேதியியலின் அடிப்படை புதிதல்ல: இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதை ஃபென்டன் 1894இலேயே காட்டினார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: குளோரோபீனால்களை அரைகுறையாக எரித்தாலோ ஆக்சிஜனேற்றினாலோ இரண்டு மூலக்கூறுகள் இணைந்து, மூலப்பொருளைவிடக் கொடிய டயாக்சின் உருவாகக்கூடும். இம்முறையின் வரலாறே இந்த அரைகுறையைத் தவிர்க்கும் முயற்சிதான்.

வழி காட்டியது ஒரு பூஞ்சை. மரத்தை மட்கச்செய்யும் வெண்மட்கல் பூஞ்சை டி.டி.டி., டயாக்சின் ஆகியவற்றைச் சிதைப்பதை 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் நொதியின் மையத்தில் இருப்பது ஓர் இரும்பு அணைவு. 1995இல் துலூஸ் நகரில் சோரோகின், மெனியே குழுவினர் இரும்பு தாலோசயனின் அணைவால் டிரைகுளோரோபீனாலின் குளோரினை நீக்கி வளையத்தையும் உடைத்தார்கள். ஆயினும் இத்தகைய வினையூக்கி தன்னையே எரித்துக்கொள்ளும் பலவீனம் உடையது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெரி காலின்ஸ், எளிதில் சிதையாத நான்கு அமைடு நைட்ரஜன்களால் இரும்பைச் சூழ்ந்து அதற்கு விடைகண்டார். அக்குழு 2002இல் வெளியிட்ட ஆய்வின் முதல் ஆசிரியர் சயம் சென்குப்தா. அதில் பென்டாகுளோரோபீனால் சில நிமிடங்களில் சிதைந்தது, கொடிய டயாக்சின்கள் தென்படவில்லை.

சோதனைக்குழாயில் கண்ட இந்த வெற்றி மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. சென்னையில் பாலவாக்கத்துக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் உள்ள பெருங்குடி குப்பைக்கிடங்கின் மண்ணில் டயாக்சின் இருப்பதை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தார் பங்குபெற்ற ஆய்வு 2003இல் பதிவுசெய்தது. குப்பையிலுள்ள மற்றக் கரிமப் பொருள்களே இம்முறைக்குத் தேவையான பெராக்சைடைக் குடித்துவிடும். மண்துகளோடு ஒட்டிய டயாக்சின் நீரில் கரையாது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றியது போன்ற தீ, புதிதாகவும் டயாக்சினை உண்டாக்கவல்லது. ஆகவே இம்முறைக்குப் பொருத்தமான இடம் ஆலைக் கழிவுநீர்க் குழாயின் வாய்தான். கிடங்குக்கு முதல் மருந்து தீ பிடிக்காமல் காப்பதே.