நடுக்குவாதமும் அழற்சிக் கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

கை நடுங்குதலும் நடை தளர்தலும் முதுமையின் இயல்பே எனக் கருதி, வைத்தியரை நாடாது வாளாவிருக்கும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. ஆயின் அந்நடுக்கங்களுள் ஒன்று தனித்ததொரு நோயென்பதை 1817ஆம் ஆண்டிலே இலண்டனில் வைத்தியத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு சிறு நூலால் நிலைநாட்டினார். அவர் எடுத்துக் காட்டியோர் அறுவரே. அவருள்ளும் சிலரை வீதியிற் கண்டதன்றிப் பரிசோதித்தாரல்லர். பின்னர்ப் பிரான்சிய அறிஞர் சார்க்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வழங்கினார். ஆயுர்வேதத்திற் கம்பவாதம் எனவும் தமிழில் நடுக்குவாதம் எனவும் வழங்குவதும் இதனை ஒத்ததே.

நோயின் இருப்பிடம் தெரிவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. நடுமூளையிலே கருநிறமாய்த் தோன்றும் ஒரு சிறு பகுதியின் நரம்புக் கலங்கள் அழிந்துபோதலை 1919இல் பாரிசு நகரில் திரெத்தியாக்கோவ் எடுத்துக் காட்டினார். அக்கலங்கள் அழிவதேன்? இவ்வினாவே அடுத்த நூறாண்டு வரலாற்றை நடத்திச் சென்றது.

1917இல் வியன்னாவிலே வொன் எக்கொனொமோ என்பார் மூளையை அழற்சியுறச் செய்து நோயாளரை உறக்கத்தில் ஆழ்த்தும் ஒரு புதுநோயை விவரித்தார். அடுத்த ஆண்டிலே இன்புளுவென்சாக் கொள்ளைநோய் கப்பலோடும் படையோடும் உலகெங்கும் பரந்து இலங்கையையும் அடைந்தது. இவ்விரு நோய்க்கும் உறவுண்டோ என்பது இன்றும் தீராத வழக்கு. எனினும் உறக்கநோயிலிருந்து பிழைத்தோருட் பலர் சில ஆண்டுகளின் பின் நடுக்குவாதத்தை ஒத்த நிலையை எய்தினர். ஆதலின் நடுக்குவாதம் முழுவதுமே அக்கொள்ளைநோயின் எச்சமென்றும், அத்தலைமுறை மறையுங்கால் 1980ஆம் ஆண்டளவில் நோயும் அருகிவிடுமென்றும் அமெரிக்க ஆய்வாளர் பொஸ்கன்சரும் சுவாபும் 1963இல் முன்னுரைத்தனர். அக்கூற்றுப் பொய்த்தது, தலைமுறை மறைந்தது, நோய் பெருகிற்று. அழற்சிக் கொள்கையும் அத்தோடு செல்வாக்கிழந்தது.

இதனிடையே மருந்தின் கதை வேறு வழியிற் சென்றது. அதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. தொட்டாற் சுணைத்து அரிக்கும் பூனைக்காலிக் கொடியின் விதையிலிருந்து டோப்பா என்னும் பொருளை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். அப்பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பை அன்று எவரும் அறியார். 1960இல் எரிங்கரும் ஹோர்ணிக்கீவிச்சும் நோயாளர் மூளையில் டோப்பமீன் குறைந்திருத்தலைக் கண்டனர். 1961இல் வியன்னாவிலே டோப்பா நோயாளர்க்கு ஊசிவழி ஏற்றப்பட்டது. 1967இல் கொட்சியாஸ் அதனை வாய்வழிப் பேரளவிற் கொடுத்துப் பெரும்பயன் கண்டார். ஆயினும் அம்மருந்து குறைந்ததை நிரப்புவதேயன்றிக் கலங்கள் அழிதலைத் தடுப்பதன்று. வற்றும் குளத்துக்கு நீர் வார்ப்பது ஒன்று. கரையின் உடைப்பை அடைப்பது வேறொன்று.

அவ்வுடைப்பைத் தேடியோர் மீண்டும் அழற்சிக்கே வந்தனர். மூளையிலே மைக்ரோகிளியா எனப்படும் காவற் கலங்கள் உண்டென ஸ்பானிய அறிஞர் ரியோ ஓர்ட்டேகா 1919இலேயே கண்டிருந்தார். நோயால் இறந்தோரின் கரும்பகுதியில் அக்கலங்கள் கிளர்ந்தெழுந்த நிலையில் இருத்தலை 1988இல் கனடாவின் மக்கீர் குழுவினர் காட்டினர். கலப்படப் போதைப்பொருளிலிருந்த எம்.பி.டி.பி. என்னும் நஞ்சால் நடுக்குவாத நிலையுற்றோரின் மூளையை 1999இல் லாங்ஸ்டன் குழுவினர் ஆராய்ந்தபோது, நஞ்சு உட்சென்று பல ஆண்டுகள் கழிந்தும் கிளர்ச்சி தணியாதிருந்தது. மூட்டிய கை நீங்கிய பின்னும் தீ எரிந்தவாறே இருந்தது. 2017இலோ, நரம்புக் கலங்களிற் படியும் ஆல்பா சைனுக்ளீன் என்னும் புரதத்தின் கூறுகளை நோயாளர் சிலரின் குருதியிலுள்ள நிர்ப்பீடனக் கலங்கள் பகைப்பொருளாகக் கொள்கின்றன என அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். காவலரே இல்லத்தைத் தாக்குதல் போன்றது இது.

அழற்சி நோயின் காரணமோ, விளைவோ, இரண்டுமோ என்பது இன்னும் முடிவுறவில்லை. அழற்சி தணிக்கும் மருந்தெதுவும் நோயின் போக்கை நிறுத்துவதாக நிறுவப்படவுமில்லை. ஆகவே அத்தகைய மாத்திரைகளையோ பூனைக்காலிப் பொடியையோ தாமாகவே உட்கொள்ளல் தகாது.

துறைமுகமும் வயலும் ஒருங்கமைந்த திருகோணமலை மாவட்டத்துக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. பரகுவற் என்னும் களைநாசினி, எம்.பி.டி.பி. உடலினுட் சென்று மாறும் நச்சுப்பொருளை அமைப்பில் ஒத்தது. அதனைக் கையாண்டோர்க்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கென 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. நஞ்சருந்தி மாண்டோர் தொகை கண்டு இலங்கை அரசு 2008 முதல் அந்நாசினியைப் படிப்படியாக விலக்கியது. ஓர் உயிர்க்கேட்டைத் தடுக்க எடுத்த முடிவு மற்றொன்றுக்கும் காப்பாயிற்று எனலாம். ஆயினும் கந்தளாயிலும் மூதூரிலும் அந்நாளில் நாசினி தெளித்த உழவர் இன்று முதுமையை எய்தி வருகின்றனர். அவருள் ஒருவர் கை நடுங்குமாயின், அதனை வயதின் மேல் ஏற்றிவிடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் பிள்ளைகளின் கடன். வீதியிற் சென்றோரின் நடையையும் ஊன்றிநோக்கிய பார்க்கின்சனின் கண்ணே இருநூறாண்டு அறிவுக்கு வித்தாயிற்று. அக்கண் ஒவ்வோர் இல்லத்துக்கும் வேண்டும்.