கடல்நீர்த் தொட்டியும் நுரைக் குழாயும்

கண்ணாடிச் சுவர்களுக்குள் கடலைக் குடியேற்றி, அதில் வாழும் ஜீவராசிகளை வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே பார்த்து மகிழவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு உண்டாகி இரண்டு நூற்றாண்டுகள்கூட நிறையவில்லை. நன்னீர் மீனைத் தாழியில் வளர்க்கும் வழக்கம் சீனத்தில் மிகப் பழமையானது. ஆனால் சமுத்திர ஜந்துக்களோ, கரையை விட்டு எடுத்துவந்த சில தினங்களிலேயே, நாறும் நீரில் மிதக்கும் பிணங்களாகிவிடும். சிசிலித் தீவின் மெசினா நகரில் 1832-ஆம் ஆண்டுவாக்கில், ழான் வில்ப்ரூ-பவர் என்னும் பிரெஞ்சு மாது, ஆர்கோநாட் என்ற ஓடுடைய பேய்க்கணவாய் இனம் தன் ஓட்டைத் தானே சமைத்துக்கொள்கிறதா, அன்றிப் பிற பிராணியிடமிருந்து திருடிக்கொள்கிறதா என்ற விவாதத்தைத் தீர்ப்பதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்து, அவற்றில் அப்பிராணியை வளர்த்து, ஓடு அதன் சொந்தச் சிருஷ்டியே என்று நிரூபித்தார். ஆனால் அவருக்குக் கடல் வாசற்படியிலேயே இருந்தது; நீர் கெட்டால் வேறு நீர் மொண்டுகொள்ளலாம்.

கடலை விட்டு விலகி வாழ்பவன் என்ன செய்வது? இந்தக் கேள்வியே இச்சரித்திரம் முழுவதையும் நடத்திச் செல்கிறது. இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையில் 1846-இல் கல்பவளங்களைக் கண்டு மனம் பறிகொடுத்த அன்னா தின் என்ற சீமாட்டி, அவற்றைப் பெரிய கடற்பஞ்சு ஒன்றில் ஊசிநூலால் தைத்து, ஜாடியில் இட்டு, லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை ஒட்டிய தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். புதிய கடல்நீர் கிடைப்பது அரிதானபோது, வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி திறந்த ஜன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்து நீரை மற்றொன்றில் உயரத்திலிருந்து ஊற்றுவதும், மறுபடி மாற்றி ஊற்றுவதுமாக, தினந்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் அந்நீருக்குக் காற்றூட்டினாள். அப்பவளங்கள் வருஷக்கணக்கில் உயிர்வாழ்ந்தன என்பது அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திற்று. அந்தப் பெண்ணின் கைகள் இந்தத் துறைக்குச் செய்த சேவையைப் பின்னாளில் எழுதியவர்கள் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம்.

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன சாஸ்திரி, செடி பிராணவாயுவை விடும், மீன் அதை உட்கொள்ளும், நத்தை அழுகலைத் தின்னும், ஆகவே மூன்றும் கூடினால் நீரை மாற்றவே வேண்டாம் என்ற சமநிலைத் தத்துவத்தை 1850-இல் வெளியிட்டார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. மறுவருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் படித்த குடும்பங்களில் எல்லாம் கடல்நீர்த் தொட்டி மோகத்தைக் கிளப்பியது. மோகம் சீக்கிரமே தணிந்தது. கடல்நீரில் அந்தச் சமநிலை எளிதில் கைகூடவில்லை. ஒரு பிராணி மறைவில் செத்தால் போதும், தொட்டி முழுவதும் பாலாகத் திரிந்து நாறும்.

பொதுக் காட்சிச்சாலைகள் வேறு வழி கண்டன. 1871-இல் லண்டனில் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் காட்சிச்சாலையில், வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பார், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நிலவறைத் தேக்கம் ஒன்றை இருளும் குளுமையுமாக அமைத்து, நீரை ஓயாமல் சுழலவிட்டார். அழுக்கு அந்தப் பெருநீரில் கரைந்து, காலப்போக்கில் அடங்கிவிடும் என்பது அவர் துணிபு. பெர்லின் நகரிலோ, 1869-இல் தொடங்கிய காட்சிச்சாலைக்காக ஆட்டோ ஹெர்மஸ் உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீரே தயாரித்தார். சென்னை மெரினாவில் 1909-இல் மீன் காட்சிச்சாலை திறந்தவர்களுக்கு இந்தக் கவலைகள் இவ்வளவு கடுமையாக இருந்திருக்க நியாயமில்லை. வங்கக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சரளைக்கடியில் துளைத்தட்டு வைத்து, அதன் வழியே நீரை இழுக்கும் அடித்தள வடிகட்டி பரவலாயிற்று. சரளையில் குடியேறும் பாக்டீரியாக்கள் மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியா கொல்லும் விஷம். நைட்ரேட் மெல்லச் சேரும் கசடு. ஆகவே மீன் பிழைத்தது, பவளம் பிழைக்கவில்லை. அக்காலத்துத் தொட்டிகளை அலங்கரித்தவை வெளுத்த பவள எலும்புக்கூடுகளே. பாசி படிந்தவுடன் அவற்றை வெளியே எடுத்துச் சலவைக்காரத்தில் ஊறவைத்து, மீண்டும் வெள்ளையாக்கி உள்ளே வைப்பார்கள். மயானத்தில் மீன்களை உலாவவிட்டதுபோல அது எனக்குத் தோன்றுவதுண்டு.

இங்கேதான் ஜெர்மானியர் ஒரு புது மார்க்கத்தைத் திறந்தனர். அழுக்கு அழுகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அதுவரை எல்லோருடைய கொள்கையும். அழுகுவதற்கு முன்பே அதை வெளியேற்றினால் என்ன என்று கேட்டவர்கள் அவர்கள். மீனின் சளி, தின்னாது விட்ட உணவின் சாறு, பவளம் கசியவிடும் பிசின் ஆகியவற்றில் உள்ள புரதங்களின் மூலக்கூறுகளுக்கு ஒரு விசித்திரக் குணமுண்டு: ஒரு பகுதி நீரை நாடும், மற்றொரு பகுதி நீரை வெறுத்துக் காற்றை நாடும். ஆகையால் நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு எங்கே கிடைத்தாலும் அவை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கொந்தளித்த கடல் கரையில் ஒதுக்கும் அழுக்கு நுரை இவ்விதியாலேயே பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தார் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நீரில் கலக்கிய கனிமத் தூளைக் குமிழிகளில் ஏற்றி நுரையாகப் பிரித்தெடுத்ததும் இதற்கு நெருங்கிய தத்துவத்தாலேதான்.

1960-களில் ஜெர்மனியில் எர்வின் சாண்டர் போன்ற கைத்தொழில் வல்லுநர் இதை மீன் தொட்டிக்கு ஏற்றபடி ஒரு குழாயில் அடக்கினர். நிமிர்ந்த குழாய், அடியில் லிண்டன் மரத்தால் செய்த சிறு கட்டை, காற்றுப் பம்பிலிருந்து வரும் காற்று மரத்தின் நுண்துளைகள் வழியே பாலைப்போல் வெண்மையான குமிழ்ப்பெருக்காக மேலேறும். தொட்டி நீர் குழாயின் மேற்பகுதியில் நுழைந்து, ஏறும் குமிழிகளுக்கு எதிராகக் கீழிறங்கும். இப்படி எதிரும் புதிருமாகச் செல்வதால் நீருக்கும் குமிழிக்கும் நெடுநேரச் சகவாசம் ஏற்படும். உச்சியில் கழுத்து குறுகும். அங்கே நுரை நெருங்கி, தன் நீரை வடித்துவிட்டு, உலர்ந்து மேலேறி ஒரு கிண்ணத்தில் விழுந்து, தேநீர் நிறத்திலிருந்து கரிய கஷாய நிறம் வரை பலவிதமாகத் தேங்கும். அதன் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவன், இதுவா என் தொட்டியில் இருந்தது என்று மறுபேச்சின்றி அச்சாதனத்தின் பக்தனாகிவிடுவான். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நுண்ணியவையாகவே நிற்பதாலும், நன்னீரில் அவை கூடிப் பருத்துவிடுவதாலும், இது கடல்நீர்த் தொட்டிக்கே உரிய சாதனமாயிற்று. மரக்கட்டை சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், குமிழி பருக்கும், கட்டையை மாற்றவேண்டும். இந்த உபத்திரவத்தைப் பிற்காலத்தில், காற்றை உறிஞ்சும் வென்சுரிக் குழாயும், அதை நுண்குமிழிகளாக நறுக்கும் முட்சக்கரப் பம்பும் ஒழித்தன.

இதே சமயத்தில் கிழக்கே, ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், பவளத் திட்டிலிருந்து உயிரோடு எடுத்த பாறைகளையும், சூரிய ஒளியையும், மெல்லிய காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்த்து, 1961-இல் அமெரிக்கப் பத்திரிகையில் அதை எழுதினார். அவருடைய முறையில் பாறையும், ஜெர்மானியருடைய முறையில் நுரைக் குழாயும் பிரதானம். இவ்விரண்டும் பெர்லினில் கைகோத்தன. 1970-களிலும் 80-களிலும் அந்நகரத்து ஆர்வலர், உயிர்ப்பாறை, பலத்த நுரைப் பிரிப்பு, கடும் ஒளி, பீட்டர் வில்கென்ஸ் புகுத்திய சுண்ணாம்புத் தெளிநீர் ஆகியவற்றைச் சேர்த்து, கல்பவளத்தைக் காப்பாற்றியதோடு நில்லாமல், அதை வளரவும் வைத்தனர். அவர்களுள் ஒருவரான டீட்ரிச் ஸ்டூபர் வளர்த்த அக்ரோபோரா என்ற கல்பவளத்தின் துண்டுகள் பல நாட்டுத் தொட்டிகளில் கிளைத்திருக்கின்றன. அமெரிக்கர்கள், 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளால், நீர் சொட்டும் பிளாஸ்டிக் உருண்டை வடிகட்டியில் சிலகாலம் மயங்கிக் கிடந்தபின், டெல்பீக், ஸ்ப்ரங் ஆகியோர் எழுத்தால் 1990-களில் பெர்லின் முறைக்கு வந்துசேர்ந்தனர்.

அன்றுமுதல், தொட்டி தொடங்குபவன் முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்றாக நுரைக் குழாய் ஆகிவிட்டது. கூடவே ஒரு தர்க்கமும் பிறந்தது. புதுத் தொட்டியில் பாக்டீரியா குடியேறும் வாரங்களில் இதை ஓட்டினால், அவற்றின் ஆகாரத்தைப் பறித்ததாகாதா என்று ஒரு கட்சி. ஓட்டத்தான் வேண்டும் என்று மறு கட்சி. அம்மோனியா நீரில் முற்றும் கரைவது, குமிழியில் ஒட்டாதது. ஆகவே பாக்டீரியாவுக்கு வேண்டியதை நுரை நேராகக் கவர்ந்து செல்வதில்லை. உயிர்ப்பாறை இறக்கிய தொட்டியிலோ, பயணத்தில் செத்த கடற்பஞ்சுகளும் புழுக்களும் அழுகும் முதல் நாட்களில் கிண்ணம் மளமளவென்று நிறையும். அப்போது அதை நிறுத்திவைப்பது, குப்பை கொட்டும் நாளில் தோட்டியை விடுமுறையில் அனுப்புவதற்கு ஒப்பாகும். வெறும் உலர்பாறையில் தொடங்குகிறவனுக்கு அவசரமில்லை. அவன் தொட்டியில் எடுப்பதற்கு அதிகம் இராது. புதுச் சாதனம் சில நாட்கள் நுரையே காட்டாமல் சண்டித்தனம் செய்வதும், உட்சுவரில் மெல்லிய படலம் படிந்தபின் வழிக்கு வருவதும், எண்ணெய்ப் பசையுள்ள கையைத் தொட்டியில் விட்டால் எழுந்த நுரை சட்டென்று படுத்துவிடுவதும் அனுபவசாலிகள் அறிந்தவை.

இச்சாதனத்தின் பேரிலிருந்த அபரிமிதமான பக்திக்கு 2009-இல் ஒரு தடை விழுந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் அளந்து பார்த்தபோது, நீரில் உள்ள கரிமக் கசடில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதமே நுரையில் ஏறுகிறது என்றும், எஞ்சியதை எத்தனை நேரம் ஓட்டினாலும் குமிழி தீண்டுவதில்லை என்றும் கண்டார். விலையுயர்ந்த சாதனத்துக்கும் மலிவானதற்கும் இதில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. வியாபாரிகளுக்கு இது உவப்பாயிருந்திராது. பெர்லின் முறையில் மீதி வேலையைப் பாறையும் அதன் பாக்டீரியாவுமே செய்துவந்தன என்பதை மட்டும் அது தெளிவாக்கிற்று.