அடையாறு செம்பரம்பாக்கத்துல பிறக்கலை

2015 டிசம்பர் வெள்ளம்னு பேச்சை எடுத்தாலே "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டாங்க"ன்னுதான் யாரும் ஆரம்பிப்பாங்க. அதுல உண்மை இருக்கு. ஆனா ஒருதடவை மேப்பைத் திறந்து பாருங்க.

அடையாறு அந்த ஏரியில் பிறக்கலை. தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளோட உபரிநீர்தான் ஆறாகத் திரளுது. மணிமங்கலம், முடிச்சூர்த் தண்ணியும் அதில்தான் வந்து விழும். செம்பரம்பாக்கத்து உபரிநீர்க் கால்வாய் திருநீர்மலைக்கிட்டதான் வந்து சேருது. அதுக்கப்புறம் விமான நிலைய ஓடுபாதைக்குக் கீழே புகுந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடல்.

டிசம்பர் 2 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. தாம்பரத்தில் 49. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. பெய்தால் ஒரு கோடி லிட்டர். இப்போ அந்த 49-ஐ இத்தனை ஏரிகளோட நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பெருக்கிப் பாருங்க! நவம்பர் மழையிலேயே மண் ஊறிப்போயிருந்தது, ஏரிகளும் நிரம்பியிருந்தது. சின்ன ஏரிகளுக்குத் திறக்கிற ஷட்டர் கிடையாது. நிறைஞ்சா கலங்கல் வழியா தானாவே வழியும். அதுக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

இதுக்கு மேலதான் செம்பரம்பாக்கத்துலேர்ந்து நொடிக்கு 29,000 கன அடி. 12,000 லிட்டர் தண்ணி லாரின்னு வெச்சா, நொடிக்கு கிட்டத்தட்ட 70 லாரி. அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்கப் போனா 250 கோடி கன அடி. ஏரியோட மொத்தக் கொள்ளளவே 364.5 கோடிதான்.

முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாத் திறந்திருக்கலாமேன்னு கேட்கலாம். திறந்திருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கையும் ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாவே குறை சொன்னது. ஆனா இது குடிதண்ணீர் ஏரியும்கூட. டிசம்பரில் காலி பண்ணிட்டு, அப்புறம் மழை வரலைன்னா? 2019 கோடையில் இதே ஏரி வறண்டு கிடந்ததை மறந்துடாதீங்க. தெருத்தெருவா குடத்தோட லாரிக்குக் காத்திருந்தோம்.

2020 நவம்பர் 25, நிவர் புயல். ஏரியோட முழு ஆழம் 24 அடி. இந்தத் தடவை 22 அடியிலேயே, பட்டப்பகலில், முன்கூட்டியே அறிவிச்சுட்டு ஷட்டரைத் தூக்கினாங்க. முதலில் விட்டது நொடிக்கு 1,000 கன அடி.