வள்ளத்தின் பின்பலகை கூறும் வரலாறு



லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தில் வியப்பூட்டும் சட்டம் ஒன்று உண்டு. வீட்டுச் சுவரில் பூசணம் கண்டால் வீட்டுக்குரியவர் குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு நேரில் வந்து பார்ப்பார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைத்து மீண்டும் சோதிப்பார். பூசணம் பரவியிருந்தால் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாய்ப் பூச வேண்டும். ஆதலால், யூபிலி மலரில் பங்குக் குரு ஒருவர் உளுத்த மரத்தைப் பற்றி எழுதுவது புதுமையன்று. கடலை நம்பி வாழும் நமக்கு இது உயிரைப் பற்றிய காரியம்.

உலகின் பெரிய கடற்படையையே இந்தப் பகைவன் ஆட்டி வைத்தான். 1684-இல் இங்கிலாந்தின் கடற்படைச் செயலராய் மீண்டும் பொறுப்பேற்ற சாமுவேல் பீப்ஸ், அண்மையில் கட்டப்பட்ட போர்க்கப்பல்களின் அடித்தளத்தில் தம் கைமுட்டி அளவு காளான்கள் முளைத்திருக்கக் கண்டார். போர் எதையும் காணாமல் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அவை! காற்றோட்டமின்றி மூடிக் கிடந்ததே காரணம். 1782 ஆகஸ்டு 29-ஆம் நாள் 'ராயல் ஜார்ஜ்' என்னும் பெருங்கப்பல், பழுது பார்ப்பதற்காக ஒருபுறம் சாய்த்து வைத்திருந்தபோது நங்கூரத்திலேயே மூழ்கியது. எண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன் சட்டமரங்கள் இற்றுப் போயிருந்தன என்று கடற்படை நீதிமன்றம் கண்டது. 1810-இல் நீரில் இறக்கப்பட்ட 'குயீன் சார்லட்' பணியில் சேருமுன்னரே உளுத்துப் போயிற்று. 1812-இல் ஜேம்ஸ் சவர்பி என்னும் இயற்கை அறிஞரை வரவழைத்து அதில் வளர்ந்த காளான்களை ஆராயச் செய்தார்கள்.

உளுக்கச் செய்வது கடல்நீர் என்று பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. உப்பு, காளானுக்குப் பகை. மரக்கப்பல்களின் சட்டங்களுக்கிடையே உப்பைக் கொட்டி அடைத்த காலமும் உண்டு. மழைநீரும், காற்றுப் புகாத புழுக்கமுமே மரத்தை அழிக்கின்றன. மரத்தில் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாய் ஈரம் இருந்தால் இந்தக் காளான் வளராது.

நம் முன்னோர் இதை நூலில் படிக்கவில்லை; பழக்கத்தில் அறிந்திருந்தனர். கரை சேர்ந்ததும் கட்டுமரத்தின் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைத்தார்கள். ஈரம் ஒளிந்துகொள்ள அங்கே மறைவிடமே இல்லை.

1980-களின் தொடக்கத்தில் குமரிக் கடற்கரையில் பெரும் மாற்றம் வந்தது. பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே போன்றோரின் முயற்சியால் ஒட்டுப்பலகை வள்ளங்கள் உருவாயின. அதே காலத்தில் வெளியே மாட்டும் என்ஜினும் பரவியது. என்ஜினின் எடையையும் உதைப்பையும் தாங்கும் வேலை பின்பலகைக்கு வந்தது. பின்னர் பைபர் வள்ளங்கள் பெருகின. "பைபர் உளுக்காது" என்று நிம்மதி கொண்டோம். ஆனால் பல வள்ளங்களில் பின்பலகையின் உள்ளே இருப்பது மரமே! போல்ட்டுத் துளை வழியே நுழையும் நீர் வெளியேற வழியின்றி அதை உள்ளுக்குள் அரிக்கிறது. வெளியே வண்ணம் பளபளக்கும்.

ஆகையால் பின்பலகையைச் சோதித்தறிய வேண்டும். சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். என்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் ஆபத்து. போல்ட்டின் வாசர் பலகைக்குள் அமிழ்ந்திருக்கிறதா, ஓரத்தில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். கீழேயுள்ள திருகாணி ஒன்றைக் கழற்றினால் பழுப்பு நீர் கசிகிறதா? ஐயமிருந்தால் உட்புறத்தில் சிறு துளையிடுங்கள். வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நலம். கறுத்து, ஈரமாய், நாறினால் அப்பகுதியை வெட்டியெடுத்துப் புதுப்பலகை வைக்க வேண்டும். மேலே பூச்சு பூசி மறைப்பது தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். நல்ல பலகையானாலும் துளையிட்ட இடத்தைப் பசையிட்டு அடைக்க மறவாதீர்கள்.

செலவாகுமே என்று தள்ளிப்போடத் தோன்றும். அலையடிக்கும் நேரத்தில் என்ஜினோடு பலகை பெயர்ந்தால் வள்ளத்திலுள்ள அத்தனை பேருக்கும் யார் பொறுப்பு? வள்ளத்துக்குரியவர் கூலிக்கு வரும் தோழருக்கும், கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் செய்ய வேண்டிய நீதிக்கடன் இது.

யூபிலி என்பது கொடியும் தோரணமும் மட்டுமன்று. பழுதானதைச் சீர்செய்யும் காலமே யூபிலி. திருவிழாவுக்கு வள்ளத்திற்கு வண்ணம் பூசுமுன் பின்பலகையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அவ்வாறே, மறைவில் ஈரம் தேங்கிய இடம் நம் இல்லத்திலும் அன்பியத்திலும் உண்டா என்றும் தட்டிப் பார்ப்போம். கடலின் விண்மீனாம் மரியன்னை நம் வள்ளங்கள் அனைத்தையும் நலமாய்க் கரை சேர்ப்பாராக!