வாடகை பாக்கி வழக்கு (சென்னை மேற்குப் புறநகர்)

வாடகை பாக்கி வழக்கு என்பது, குடியிருப்பவர் வாடகை தரவில்லை என்ற காரணத்தைக் காட்டி, வீட்டையோ கடையையோ காலி செய்து ஒப்படைக்க உத்தரவிடும்படி அதன் உரிமையாளர் தொடுக்கும் வழக்கு. தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் இவ்வழக்குகள், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்னும் நீண்ட பெயர் கொண்ட சட்டத்தின்கீழ் வருகின்றன. அதற்கு முன்பு 1960-ஆம் ஆண்டின் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இருந்தது. பழைய சட்டத்து மனுவை வக்கீல்கள் 'ஆர்.சி.ஓ.பி.' என்பார்கள், புதியது 'ஆர்.எல்.டி.ஓ.பி.'

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இவ்வழக்குக்குத் தனி முகம் உண்டு. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பிறகு டன்லப், 1960-களில் தொழிற்பேட்டை. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. ஷிப்டுக்குப் போய்வரத் தோதாக வீடு தேடி வந்த தொழிலாளர்களுக்காகக் கொரட்டூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயல், பட்டாபிராம் என ரயில் பாதையை ஒட்டி லைன் வீடுகளும் போர்ஷன்களும் பெருகின. இங்கே வாடகைக்கு விடுகிறவரும் பெரும்பாலும் பெருந்தனக்காரர் அல்லர். ஓய்வுபெற்றபோது கிடைத்த பி.எஃப். பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பி, அந்த வாடகையை ஓய்வூதியம்போல் நம்பியிருப்பவர் அவர். அதில் குடியிருப்பவர் ஒப்பந்தக் கூலியில் வேலை செய்பவர். ஒருவருக்குச் சம்பளம் நின்றால் இருவர் வீட்டிலும் அடுப்பு தடுமாறும். ஆகவே இவ்வழக்குகளைப் பணக்காரனுக்கும் ஏழைக்குமான சண்டையாக மட்டும் படிப்பது தவறு.

வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தத் தொடங்கியது போர்க்காலத்தில். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941-இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அது 1946-இலும் 1949-இலும் சட்டமாகி, 1960-இல் நிலைத்த வடிவம் பெற்றது. சென்னை, மதுரை நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் அது பொருந்தியது. சென்னையில் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதிகளும், வெளியூர்களில் மாவட்ட முன்சீப்புகளும் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிகளாக இருந்தனர்.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு சொல்லில் இருந்தது: 'வேண்டுமென்றே'. ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்து 15 நாளுக்குள், அல்லது ஒப்பந்தம் இல்லையென்றால் அடுத்த மாதக் கடைசிக்குள் வாடகை தராவிட்டால் அது தவறுதல். ஆனால் தவறியது வேண்டுமென்றே அல்ல என்று அதிகாரிக்குத் தோன்றினால், பாக்கியைக் கட்ட 15 நாளுக்கு மிகாமல் அவகாசம் தரலாம். கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. வேலை போனது, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, வீட்டுக்காரரே வாங்க மறுத்தார் என்பவையெல்லாம் இந்த ஒற்றைச் சொல்லின் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குள் நுழைந்தன. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் பாக்கி நின்றால் அது வேண்டுமென்றே தவறியதாகக் கொள்ளப்படும் என்ற விளக்கம் பின்னர் சேர்க்கப்பட்டது. எஸ். சுந்தரம் பிள்ளை வழக்கில் (1985) உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்துக்குப் பொருள் சொன்னது: அத்தகைய நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை, கொடுக்கப்படாவிட்டால், விளைவு தெரிந்தே, மனமறிந்து கொடுக்காமல் இருந்தாரா என்று அந்தந்த வழக்கின் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற இன்னொரு வழக்கான தனபால் செட்டியார் வழக்கில் (1979) ஏழு நீதிபதிகள் அமர்வு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி காலி செய்யக் கேட்கும்போது, சொத்து மாற்றுச் சட்டப்படி குடித்தனத்தை முடித்துவைக்கும் தனி நோட்டீஸ் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது.

வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பாக்கி என்று வழக்குப் போடும் தந்திரம் பழையது. அதற்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. வங்கிக் கணக்கைத் தெரிவிக்கும்படி குடியிருப்பவர் நோட்டீஸ் அனுப்பலாம். பத்து நாளில் பதில் வராவிட்டால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டரில் அனுப்பலாம். அதுவும் திரும்பி வந்தால் அதிகாரியிடம் டெபாசிட் செய்யலாம். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பிய மணியார்டர் படிவத்தைப் பத்திரப்படுத்திய குடும்பத்தின் கையில் வலுவான சாட்சியம் இருந்தது. அதேபோல் வீட்டுக்காரருக்கும் ஒரு பிடி இருந்தது: பாக்கியைக் கட்டாமல் வழக்கை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால், மேல் விசாரணை இல்லாமலே காலி செய்ய உத்தரவு பெற முடிந்தது.

புதிய சட்டம் கேள்வியையே மாற்றிவிட்டது. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அதைக் கேட்டு நோட்டீஸ் கையில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதையும் கட்டவில்லையென்றால், காலி செய்யக் கேட்கக் காரணம் பிறந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் உரிமையாளரிடமோ வாடகை நீதிமன்றத்திலோ கட்டிவிட்டால் தப்பிக்கலாம்; அடிக்கடி தவறுபவருக்கு அந்தச் சலுகையும் கிடைக்காது. முன்பு 'ஏன் கட்டவில்லை?' என்று கேட்ட சட்டம், இப்போது 'கட்டினாயா, இல்லையா?' என்று மட்டும் கேட்கிறது. வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கிய முதிய வீட்டுக்காரர்களுக்கு இது நியாயமான மாற்றமே. எனினும் ஆலை மூடப்பட்டதால் கூலி நின்ற குடும்பம் தன் காரணத்தைச் சொல்ல இருந்த இடம் சுருங்கியது என்பதையும் மறைக்க முடியாது.

புதிய அமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, வாடகை டெபாசிட் போன்றவற்றைத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரி பார்க்கிறார். காலி செய்ய உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம். மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்தில். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடும் 2018-இல் சென்னை மாவட்டத்தோடும் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. அதுவும் பூந்தமல்லி நகராட்சியும் இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. ஆகையால் அடுத்தடுத்த ரயில் நிலையங்களில் வசிப்பவர்கள்கூட வெவ்வேறு மாவட்ட அதிகாரிகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

வழக்கின் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காகிதம்தான். புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களுள் ஒன்று. இதன் தாக்கம் பெரிது: வாடகை பாக்கி இருப்பதை நிரூபிக்க முடியாத உரிமையாளர்கூட, ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்தை மட்டும் வைத்து மனுப் போடலாம், மாதாமாதம் ஒழுங்காகக் கட்டி வந்தவரும் அதில் சிக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பத்திரப்பதிவு கட்டாயம் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதும் பழக்கம் ஊன்றிப்போயிருக்கிறது. லைன் வீடுகளில் அதுவும் இல்லை. வாய்ப்பேச்சும் ஒரு சின்ன நோட்டில் வீட்டுக்கார அம்மா போடும் கையெழுத்தும்தான். ரசீது கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்று கேட்காமல் விட்டவர்களே, பாக்கி இல்லையென்று காட்ட முடியாமல் நிற்கிறார்கள். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் பழக்கம் இந்தக் குறையை ஓரளவு தீர்த்திருக்கிறது.

அட்வான்ஸ் அடுத்த சிக்கல். பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றது. சென்னையிலோ பத்து மாதம் வாங்குவது வழக்கமாயிற்று. 'என் பணம் அவரிடம் இருக்கும்போது நான் எப்படிப் பாக்கிக்காரன்?' என்ற கேள்வி இதிலிருந்து எழுந்தது. ஆந்திரத்தின் இதே போன்ற சட்டத்தின்கீழ் வந்த கூடூர் மாடர்ன் ஹோட்டல் வழக்கில் (1989), வரம்பு மீறி வாங்கிய முன்பணம் பாக்கியைவிட அதிகமாக உரிமையாளர் கையில் இருக்கையில் தவறியதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகையை வரம்பாக வைக்கிறது. லீசுக்கு விட்ட வீட்டில் மாத வாடகையே கிடையாது. அங்கே எழுவது மொத்தப் பணம் திரும்ப வராத வழக்கு.

நீதிமன்றம் போகாமல் பூட்டுப் போடுவது, கரண்டைப் பிடுங்குவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது ஆகியவை சட்டவிரோதம், பாக்கி எவ்வளவு இருந்தாலும். அத்தியாவசிய வசதியை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். சட்ட வழியன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் குறித்த நிவாரணச் சட்டப்படி வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேறக் கோரலாம். கொரோனா ஊரடங்கில், 29.3.2020 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, அவர்களையும் மாணவர்களையும் வெளியேற்றக் கூடாது என்று ஆணையிட்டது. வடமாநிலத் தொழிலாளர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கும் அம்பத்தூர் போன்ற இடங்களை நினைத்தால் அது எவ்வளவு அவசியமான ஆணை என்பது விளங்கும்.

உத்தரவு கிடைத்த அன்றே வீடு கைக்கு வந்துவிடாது. குடியிருப்பவர் தாமாகச் செல்லாவிட்டால் உரிமையாளர் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதன்பிறகு நீதிமன்ற அமீனா வருவார். எதிர்ப்பு இருக்குமென்றால் போலீஸ் பாதுகாப்பும் கேட்கப்படும். பல வழக்குகள் இந்தக் கட்டத்துக்கு முன்பே சமரசமாகின்றன: பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடியும்வரை அவகாசம், அட்வான்ஸில் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி, சாவி ஒப்படைக்கும் தேதி ஆகியவற்றை எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார்கள். 2019-க்கு முன் தொடுக்கப்பட்டு நிலுவையில் நின்ற மனுக்களுக்குப் பழைய சட்டமே தொடர்ந்து பொருந்துகிறது. அவற்றில் இன்றைக்கும் 'வேண்டுமென்றேயா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.