அகராதியில் இல்லாத மலைவாசிகள்

அமெரிக்காவின் கிழக்கே அலபாமா வரை நீளும் அப்பலாச்சிய மலைப்பகுதி, ஏழை வெள்ளையரின் உலகமாகவே பெரும்பாலும் சித்திரிக்கப்பட்டு வந்துள்ளது. மரக்குடில், நிலக்கரிச் சுரங்கம், பான்ஜோ இசை ஆகியவை அச்சித்திரத்தின் அடையாளங்கள். அவற்றுள் பான்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் இசைமரபில் பிறந்த கருவி என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே.

அம்மலைகளின் பொருள்வளத்திலும் கறுப்பின மக்களின் உழைப்பு கலந்திருக்கிறது. இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் கனாவா பள்ளத்தாக்கில், உப்பு காய்ச்சும் உலைகளில் அடிமைகள் பாடுபட்டனர். 1865இல் விடுதலை பெற்றபின் அங்கு வந்து சேர்ந்த சிறுவன் புக்கர் டி. வாஷிங்டன், உப்பு உலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தார். கார்ட்டர் ஜி. வுட்சன் 1890களில் அம்மாநிலச் சுரங்கங்களில் தொழிலாளியாக இருந்தவர். எழுத்தறியாத சக தொழிலாளர்களுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டியும், உள்நாட்டுப் போரில் பங்கேற்ற முதியவர்களின் அனுபவங்களைக் கேட்டும் அவருக்கு வரலாற்றில் நாட்டம் பிறந்தது. 1926இல் அவர் தொடங்கிய நீக்ரோ வரலாற்று வாரமே இன்று பிப்ரவரி மாதம் முழுவதும் கொண்டாடப்படுகிறது. கறுப்பின வரலாற்றியலின் தந்தை எனப் போற்றப்படுபவரை உருவாக்கியதில் அம்மலைகளுக்கும் பங்குண்டு.

ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையின் கதை வேறு. 1930இல் அம்மலையைக் குடையத் தொடங்கியபோது, உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிலிக்கா தூசு நுரையீரலை அரித்துக் குறைந்தது 764 பேர் இறந்தனர் என்பது பிற்கால மதிப்பீடு. வெள்ளையரின் இடுகாடுகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர் பலர் வயல்வெளியில் புதைக்கப்பட்டனர்.

இத்தனைக்குப் பிறகும், அப்பலாச்சியர் என்ற சொல்லுக்கு அம்மலைகளில் வாழும் வெள்ளையர் என்று பொருள் கூறிய அகராதி ஒன்றை 1991இல் கென்டக்கியின் கறுப்பினக் கவிஞர் ஃபிராங்க் எக்ஸ் வாக்கர் கண்டார். ஆப்பிரிக்காவையும் அப்பலாச்சியாவையும் இணைத்து 'அஃப்ரிலாச்சியா' என்ற புதுச்சொல்லைப் படைத்தார். அப்பெயரிலேயே கவிஞர் குழுவொன்று உருவாயிற்று. குழுவைச் சேர்ந்த நிக்கி ஃபின்னி 2011இல் தேசிய நூல் விருது பெற்றார். வாக்கர் 2013இல் கென்டக்கியின் அரசவைக் கவிஞரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

2005இல் அச்சொல் ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியில் இடம்பெற்றது. ஒரு சொல் இறந்தவர்களை மீட்டுத் தராது என்பது உண்மையே. ஆனால் அம்மலைகளில் பிறக்கும் கறுப்பினக் குழந்தை, தன் மண்ணையும் தன் இனத்தையும் ஒரே சொல்லால் இனி உரிமை கொண்டாடலாம்.