படர்க்கையில் இருந்த பிள்ளை

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பாகுபாட்டை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்க்கு நடத்துகிறேன். பேசுவோர் தன்மை, கேட்போர் முன்னிலை, பேசப்படுவது படர்க்கை என்று கரும்பலகையில் எழுதி முடிக்கப் பத்து நிமிடம் போதும். வாழ்நாள் முழுவதும் படர்க்கையிலேயே இருத்தி வைக்கப்படும் மனிதரும் உண்டு என்பதை, ஆங்கிலச் சிறுவர் புதினங்கள் சிலவற்றைப் படித்த பின்னரே உணர்ந்தேன். நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்கு அப்புதினங்களின் வரலாற்றை எழுத விழைந்ததற்கு அதுவே காரணம்.

1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். ஆட்டிசம் ஒரு தனி நிலையாக மருத்துவ உலகில் இடம்பெற்றது அவ்வுரையால்தான். (மதியிறுக்கம் என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. இறுக்கம் யாருடைய மதியில் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆதலின் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.) அவ்வுரையில் இலக்கண ஆசிரியர் நின்று படிக்க வேண்டிய ஓர் இடம் உள்ளது. இக்குழந்தைகள் இடப்பெயர்களைக் கேட்டவாறே திருப்பிச் சொல்கின்றனர் என்கிறார் கானர். உனக்குப் பால் தருகிறேன் என்று தாய் சொல்லக் கேட்ட பிள்ளை, தனக்குப் பால் வேண்டும்போதும் அச்சொற்களையே சொல்லும். ‘நான்’ நிற்க வேண்டிய இடத்தில் ‘நீ’ நிற்கும்.

தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடுமையான கருத்து பின்னர் ஓங்கியது. 1967இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அதைப் பரப்பியது. அதற்கு முன்பே, 1964இல், பெர்னார்டு ரிம்லாண்டு அக்கருத்தை மறுத்து எழுதியிருந்தார். அவரே ஆட்டிசமுடைய மகனின் தந்தை. 1975இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் உடைய பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளியில் கல்வி பெறும் உரிமையை வழங்கியது. பள்ளிக் கதவு திறந்தபின் அப்பிள்ளை பள்ளிக் கதைக்குள்ளும் வந்துதானே ஆக வேண்டும்?

வந்தது, ஆனால் படர்க்கையாக வந்தது. ஆன் எம். மார்ட்டின் 1984இல் எழுதிய ‘இன்சைடு அவுட்’ புதினத்தில் ஆட்டிசமுடைய தம்பியின் கதையை அண்ணனே சொல்கிறான். அவரே 1990இல், சிறுமியர் பெரிதும் விரும்பிப் படித்த ‘பேபி சிட்டர்ஸ் கிளப்’ வரிசையில், சூசன் என்ற சிறுமியைப் படைத்தார். சூசன் பேசுவதில்லை, பியானோ வாசிப்பாள், எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைக் கூறிவிடுவாள். அவளைப் பார்த்துக்கொள்ள வரும் கிறிஸ்டி, இவளும் மற்றப் பிள்ளைகளைப் போல ஊர்ப் பள்ளியிலேயே படிக்கலாம் என்று நம்பிப் பாடுபடுகிறாள். தெருப்பிள்ளைகளுக்கோ சூசன் காசு கொடுத்துப் பார்க்கும் வேடிக்கையாகிறாள். முடிவில் அவள் வேறூரில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அம்முடிவை ஆசிரியர் நியாயப்படுத்தியே எழுதுகிறார். என்னால் அதை ஏற்க இயலவில்லை. ஆயினும் அக்காலத்தின் நம்பிக்கை எவ்வளவு தூரம் சென்று நின்றது என்பதற்கு அந்நூல் நேர்மையான சான்று.

சிந்தியா லார்டின் ‘ரூல்ஸ்’ (2006) அக்காள் சொல்லும் கதை. தம்பி டேவிட் பிறர் நடுவே நடந்துகொள்வதற்கான விதிகளை அவள் பட்டியலிட்டுக்கொண்டே இருக்கிறாள். தன் சொல் கிடைக்காதபோது டேவிட், ஆர்னால்டு லோபெல் எழுதிய தவளை–தேரைக் கதைகளின் வாக்கியங்களை எடுத்துப் பேசுகிறான். இதை மருத்துவர் கிளிப்பேச்சு என்பார். கவிஞர் பெருமக்களே, நாமும் துயருற்ற இரவில் பிறர் பாடலைத்தான் முணுமுணுக்கிறோம். அதை எவரும் நோயென்பதில்லை. அக்காளும் ஒருநாள் தம்பியின் அந்த மொழியிலேயே அவனிடம் பேசக் கற்கிறாள். நூலின் உயிர் அங்கே இருக்கிறது.

தன்மையிடத்தில் நின்று பேசிய பிள்ளைகளுள் பெரும்புகழ் பெற்றவன் மார்க் ஹாடனின் 2003ஆம் ஆண்டுப் புதினத்தில் வரும் கிறிஸ்டோபர். ஸ்விண்டன் நகரத்துச் சிறப்புப் பள்ளியில் படிக்கும் அவனுக்குப் பதினைந்து வயது. உயர்நிலைக் கணிதத் தேர்வு எழுத விழைகிறான். விட்பிரெட் பரிசு பெற்ற அந்நூலின் நயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘நான்’ என்ற சொல்லைக் கிறிஸ்டோபருக்குக் கொடுத்தவர் அந்நிலையில் வாழாதவர். நம் சங்கப் பாடல்களில் தலைவியின் கூற்றை ஆண்பாற் புலவர் எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினர்; அருமையாகவே எழுதினர். ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் உடன் எழுதினர் என்பதையும் மறத்தலாகாது.

அந்த ஒளவைகள் வரப் பின்னும் பல்லாண்டுகள் ஆயின. 2019இல் வெளிவந்த ‘கேன் யூ சீ மீ’ நூலில், பதினொரு வயது டாலி புதிய உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கிறாள். மற்றவரைப் போலத் தோன்றும்பொருட்டுத் தன் இயல்பை நாள்தோறும் மறைக்கிறாள். ரெபெக்கா வெஸ்ட்காட்டுடன் இணைந்து அதை எழுதிய லிபி ஸ்காட்டும் ஆட்டிசமுடைய சிறுமியே. பிறருடன் பொருந்துதல் என்பது ஒரு பிள்ளையிடம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை இதற்குமுன் நான் எங்கும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. பள்ளியில் அடக்கியதெல்லாம் மாலையில் வீட்டில் வெடிக்கிறது.

அடுத்த ஆண்டு, தாமும் ஆட்டிசமுடையவரான எல் மெக்னிகால் எழுதிய ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’ வந்தது. ஸ்காட்லாந்துச் சிற்றூர்ச் சிறுமி ஆடி, தன் ஊரில் சூனியக்காரியர் என்று கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிப் பள்ளியில் கேட்கிறாள். அவர்களும் தன்னைப் போல வேறுபட்டவர்களாக இருந்திருக்கலாம் என்று எண்ணி, நினைவுச்சின்னம் எழுப்பப் போராடுகிறாள். இது வெறும் கற்பனைக் களம் அன்று. அந்நாட்டில் 1563 முதல் 1736 வரை சூனியச் சட்டம் நடப்பில் இருந்தது; ஏறத்தாழ 4,000 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். நூல் வெளிவந்தபின், 2022 மார்ச் 8 அன்று, முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அவர்களின் பொருட்டு மன்னிப்புக் கோரினார்.

அந்நூலின் தொடக்கத்தில் ஆசிரியை ஒருத்தி, கையெழுத்து நன்றாக இல்லையென்று ஆடி எழுதிய தாளைக் கிழிக்கிறாள். அப்பக்கத்தை என்னால் விரைந்து கடக்க இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். முகம் பார்த்துப் பேசமாட்டார். ஒருநாள் நான் கேட்ட வினாவையே, என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு, திருப்பிச் சொன்னார். வகுப்பே சிரித்தது. ஏளனம் என்று கருதி அவரை வெளியே அனுப்பினேன். அவரை இன்று எப்பெயரிட்டும் வகைப்படுத்த எனக்கு உரிமையில்லை. அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை. அவரது யாப்பிலக்கண விடைத்தாள் மட்டும் திருத்துவதற்காக என்னிடம் வந்தது. தாமே இயற்றிய வெண்பா ஒன்றை அதில் எழுதியிருந்தார். ஓரிடத்தும் தளை தட்டவில்லை.